கைதட்டிக்கொண்டு நின்றவருக்கு எதற்குச் சம்பளம்?

கேள்வி: பிரிட்டனின் ‘டெபெஷ் மோட்’ சின்த்பாப் (சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியை வைத்து வாசிக்கும் பாப் இசை) குழுவைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அதில் ஆண்டி ஃபிளெட்சர் என்று ஒருவர். பாட்டு எழுதி அறியார், பாடி அறியார். மேடையில் கீபோர்டைத் தொட்டதைவிடக் கைதட்டியதுதான் அதிகம். ‘101’ ஆவணப்படத்தில், மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது, நான் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவன் என்று அவரே சொல்கிறார். 40 வருடம் ஓசிச் சவாரி! அவர் போன பிறகும் மிச்சமிருக்கும் இரண்டு பேர் அறுபது வயதில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்களே, அது காசுக்காகத்தானே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒரு மனிதர் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டதை வாக்குமூலமாக எழுதி வாங்கி, தீர்ப்பையும் சொல்லிவிட்டீர்கள். கேமரா முன்னால் தமாஷ் பேசுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, வழக்கு என்று வந்த பிறகு முறையாகவே நடத்துவோம். உங்கள் தரப்புக்குப் பலமான சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் கூப்பிடவே இல்லை. ஆலன் வைல்டர்.

1982-ல் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வந்து சேர்ந்தவர் அவர். 21 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவருக்கு 22. வயதைக் குறைத்துச் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். முறையாகப் பியானோ படித்தவர், குழுவிலேயே அப்படிப் படித்தவர் அவர் ஒருவர்தான். மார்ட்டின் கோர் எழுதிக்கொண்டு வரும் பாட்டுக்கு உடம்பு கொடுத்தவர் இவர் என்று சொன்னால் மிகையில்லை. 1983-ல் லண்டன் ஷோர்டிச் பகுதியில், ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த இடிபாடுகளுக்குள் இந்தக் குழு டேப் ரெக்கார்டரும் கையுமாக அலைந்தது. தகரத்தைத் தட்டுவது, இரும்புக் குழாயை அடிப்பது, அந்தச் சத்தங்களை எடுத்துப்போய் சின்கிளேவியர் என்ற கருவியில் ஏற்றித் தாளமாக மாற்றுவது. அந்த வருடம் வந்த ஆல்பத்தில் ‘பைப்லைன்’ என்று ஒரு பாட்டு முழுக்க முழுக்க இப்படிப் பொறுக்கிய ஓசைகளால் ஆனது. பொத்தானை அமுக்கினால் பாட்டு வந்துவிடும் என்று சின்த்பாப்பை இளக்காரம் செய்கிறவர்கள் அதை ஒருமுறை கேட்கலாம்.

‘என்ஜாய் த சைலன்ஸ்’ தெரியாமல் இந்தக் குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோர் அதைக் கொண்டுவந்தபோது அது ஹார்மோனியத்தோடு பாடிய மெதுவான, சோகமான பாட்டு. இதற்கு நடனத் தாளம் வைக்கலாம் என்று சொன்னவர் வைல்டர். கோருக்கு அந்த யோசனை முதலில் பிடிக்கவில்லை. வைல்டரும் தயாரிப்பாளர் ஃபிளட்டும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்து அதை மாற்றி அமைத்தார்கள். 1990-ல் அமெரிக்க ‘டாப் 10’-க்குள் போன அந்தப் பாட்டுதான் இவர்களை அரங்கத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு நிரந்தரமாகக் குடிமாற்றியது.

அப்புறம் 1995 ஜூன் 1-ம் தேதி வைல்டர் விலகினார். வேலைப் பளு எப்போதும் சமமாகப் பங்கிடப்படவில்லை, என் உழைப்புக்குக் குழுவுக்குள் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினார். வேலை செய்யாதவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இசையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதானால், வைல்டர் போனதுதான் பெரிய இழப்பு. அவர் இல்லாத ஆல்பங்களில் நல்ல பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு ஓசைக்குள் இன்னொரு ஓசையைப் பொதிந்துவைக்கும் அந்தக் கைவேலை அதற்குப் பிறகு அதே அளவில் வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் உங்கள் பக்கம். இப்போது மறுதரப்பு.

லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் பாசில்டன் என்று ஒரு ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நெரிசலில் தவித்த லண்டன்வாசிகளைக் குடியேற்ற அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அங்கே கிறிஸ்துவச் சிறுவர் அமைப்பு ஒன்றில் சின்ன வயதிலேயே நண்பர்களானவர்கள் ஃபிளெட்சரும் வின்ஸ் கிளார்க்கும். இந்தக் குழு முளைத்ததே அந்தச் சிநேகத்திலிருந்துதான். கோர் வங்கி குமாஸ்தா, ஃபிளெட்சருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. 1980-ல் டேவ் கான் பாட வந்தார். குழுவின் பெயரையும் அவர்தான் ஒரு பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகையின் அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிகழ்ச்சிகளுக்கு சிந்தசைசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலில் போவார்கள். கிழக்கு லண்டனில் ஒரு பப்பில் இவர்களைப் பார்த்த மியூட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அதிபர் டேனியல் மில்லர் அந்தக் காட்சியைப் பலமுறை விவரித்திருக்கிறார்: பீர் பெட்டிகளின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் சிந்தசைசர்கள், பாடுகிற பையனின் முகத்தில் கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கும் ஒரு விளக்குப் பெட்டி. அதுவும் அவனே செய்துகொண்டது.

மில்லருக்கும் இவர்களுக்கும் ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. கைகுலுக்கினார்கள், லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 80கள் நெடுக இவர்களுக்கு மேனேஜர் என்று முறையாக யாரும் இல்லை. உலகம் சுற்றுகிற ஒரு குழுவுக்கு மேனேஜர் இல்லையென்றால் என்ன ஆகும்? கணக்கை யார் பார்ப்பது, எந்த ஊருக்கு ஒப்புக்கொள்ளலாம், இந்தக் காசு ஏன் வரவில்லை என்று யார் கேட்பது? பாட்டு எழுதுகிற கோருக்குப் பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். கானுக்கு மேடை ஒன்றே உலகம். வைல்டர் ஸ்டுடியோவை விட்டு வரமாட்டார். மிச்சம் யார்? நீங்கள் ஓசிச் சவாரி என்று சொல்கிறவர்தான். கல்யாண வீட்டில் மந்திரம் சொல்லாமல், சமையலும் செய்யாமல், இடுப்பில் சாவிக்கொத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சித்தப்பா ஒருவர் இருப்பாரே, அவரிடம் போய் “நீங்க என்ன வேலை செஞ்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் குழு எத்தனை தடவை உடைந்திருக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். முதல் ஆல்பம் 1981-ல் வந்து பிரிட்டனில் ‘டாப் 10’-ஐத் தொட்டதுமே, ஏறக்குறைய எல்லாப் பாட்டையும் எழுதிய கிளார்க் போதும் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் ஆலிசன் மோயேயுடன் யாசூ, ஆண்டி பெல்லுடன் எரேஷர் என்று இரண்டு பேர் குழுக்களாகவே அமைத்துக்கொண்டார். நாலு பேரைக் கட்டி மேய்ப்பது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிச்சமிருந்த மூன்று பையன்கள் கோரை எழுதச் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார்கள்.

1993-ல் வந்த ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அதற்காகப் போன சுற்றுப்பயணம் ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. கான் ஹெராயினில் மூழ்கியிருந்தார், கோர் குடியில். பயணத்தோடு ஒரு மனநல ஆலோசகரையும் சம்பளத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1994-ல் ஃபிளெட்சரே மன உளைச்சல் தாங்காமல் பாதியில் வீடு திரும்பினார். அவர் இடத்தில் நின்று வாசிக்க, குழுவோடு ரொம்ப நாளாக வேலை பார்த்த டேரில் பமோன்ட் அவசரமாகக் கற்றுக்கொண்டார். இதை நான் சொல்லாவிட்டால் அடுத்த இதழில் நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், அவருடைய கைகளுக்கு மாற்று ஆள் உடனே கிடைத்தார். அந்தக் கைகளுக்காக அவரை யாரும் வைத்திருக்கவில்லை என்றுதான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் வைல்டர் போனார். 1996 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் ஒன்றில் கானுக்குப் போதை மருந்து அளவு மீறி, இதயம் இரண்டு நிமிடம் நின்றே போனது. அவர் பிழைத்து, போதையை விட்டு, 1997-ல் ‘அல்ட்ரா’ ஆல்பம் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு கானின் வீடு நியூயார்க், கோரின் வீடு கலிஃபோர்னியா. நான் எழுதுகிற பாட்டையும் சேர்த்தாக வேண்டும் என்று கான் கொடி பிடித்து, 2005 ஆல்பத்தில் மூன்று இடம் வாங்கினார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சை ஓடவிட்டவர், இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட ஃபிளெட்சர்.

அவர் 2022 மே 26 அன்று பெருந்தமனி கிழிந்து இறந்தார். 60 வயது. புது ஆல்பத்துக்குப் பாட்டுகள் பெரும்பாலும் எழுதியாகிவிட்டன, ஸ்டுடியோவுக்குள் போக வேண்டியதுதான் பாக்கி. ‘மெமென்டோ மோரி’, அதாவது நீ சாகப்போகிறவன் என்பதை நினைவில் வை, என்ற தலைப்புகூட அவர் இறப்பதற்கு முன்பே யோசித்து வைத்தது. அதனால் “சாவை வியாபாரமாக்கினார்கள்” என்று அடுத்த கடிதம் எழுத உத்தேசம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

2023 மார்ச்சில் சேக்ரமென்டோவில் தொடங்கிய பயணம் 2024 ஏப்ரலில் கொலோனில் முடிந்தது, மொத்தம் 112 நிகழ்ச்சிகள். மேடையில் ஃபிளெட்சர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. 90களின் கடைசியிலிருந்தே கூட வரும் பீட்டர் கோர்டீனோ கீபோர்டில், கிறிஸ்டியன் ஐக்னர் டிரம்ஸில், அவ்வளவுதான். ‘வேர்ல்ட் இன் மை ஐஸ்’ பாட்டை மட்டும் தினமும் அவருக்கென்று பாடினார்கள், பின்திரையில் அவருடைய படம். பார்த்தீர்களா, ஆளே தேவைப்படவில்லை என்பீர்கள். கானையும் கோரையும் கேட்டால் வேறு மாதிரி சொல்கிறார்கள். நடுவில் ஆள் இல்லாததால் முதல்முறையாக இவர்கள் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேச வேண்டியதாயிற்று. 40 வருடத்தில் இருவரும் சேர்ந்து எழுதிய பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று, ‘வேகிங் டங்’, இந்த ஆல்பத்தில் இருக்கிறது.

கடைசியாக, காசு. காசுக்காகவும்தான், ஐயா. ஸ்டேடியத்தில் இலவசமாகப் பாட அவர்கள் என்ன நேர்த்திக்கடனா செலுத்துகிறார்கள்? நீங்கள் ஆதாரமாகக் காட்டுகிற அதே ‘101’ படத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். 1988 ஜூன் 18, கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் மைதானம், அந்தப் பயணத்தின் 101-வது நிகழ்ச்சி, 60,000 பேருக்கு மேல் கூட்டம். அன்றைய வசூல் 13 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்குப் பார்க்கிற இளைஞர் ஒருவர் வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். ஜொனாதன் கெஸ்லர் என்ற அந்தக் கணக்கர்தான் பின்னாளில் குழுவுக்கு மேனேஜர் ஆனார். அதே நிகழ்ச்சியில் கடைசிப் பாட்டு, வியாபாரப் பேராசையைப் பற்றி கோர் எழுதிய ‘எவ்ரிதிங் கவுன்ட்ஸ்’. குழு வாசிப்பதை நிறுத்திய பிறகும் கூட்டம் அதைப் பாடிக்கொண்டே இருக்கும். கல்லாப் பெட்டியையும் அந்தப் பாட்டையும் ஒரே படத்தில் வைக்கத் துணிந்தவர்களைப் பார்த்து, காசுக்காகத்தானே என்று காதோடு காதாகக் கேட்கிறீர்கள். டிக்கெட் விலை ஏன் இப்படி எகிறிப்போச்சு என்று கேட்டிருந்தால் நானும் உங்கள் கடிதத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.