மைக்கேல் ஜாக்சன் வாங்கிய விருதுகளில் எது பெரியது என்று நினைக்கிறீர்கள்?

1984இல் ஒரே இரவில் அவர் வாங்கிய 8 கிராமி விருதுகளைத்தான் (கிராமி என்றால் அமெரிக்காவின் பெரிய இசை விருது) பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். என் பதில் அதற்கு நாலு வருஷம் முந்தியது. 1980இல் ஒரே ஒரு கிராமி வாங்கி, அதற்காக அழுதாரே, அந்த விருது.

ஏன் என்று சொல்ல எங்கள் சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா நையாண்டி மேளத்தில் தவில். சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் கோயில் திருவிழாக்களுக்கு, கொடை கொடையாகப் போய்விடுவார், வீடு தங்க மாட்டார். மற்ற நாட்களில் சித்தி சுற்றும் பீடியில்தான் குடும்பம் ஓடியது. நான் பாளையங்கோட்டையில் ஒன்பதாவது படித்தபோது, ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வெறும் கேசட் கொடுத்து ஜாக்சன் பாட்டுகளைப் பதிந்து வாங்கினேன். லீவுக்கு ஊருக்கு வந்து டேப்பில் போட்டபோது சித்தப்பா திண்ணையில் படுத்திருந்தார். ‘பில்லி ஜீன்’ ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏலே, பாட்டு வாரதுக்கு முன்னால தோலு மட்டும் வருதுல்லா, அத திரும்பப் போடு.”

ரிவைண்ட் செய்து போட்டேன். நாலைந்து தடவை போட்டிருப்பேன். சித்தி மடியில் வைத்திருந்த சொளவின், அதாவது முறத்தின், விளிம்பில் சித்தப்பா இரண்டு விரலால் கூடவே தட்டிக்கொண்டு வந்தார். புகையிலைத் தூள் துள்ளியது, சித்தி கையைத் தட்டிவிட்டாள். “ரெண்டே அடிதான்லே. ஆனா ஒரு அடி முந்தல, ஒரு அடி பிந்தல. இப்படி நிக்கது கஷ்டம்” என்றார். தாளத்தின் ஐந்து நடையிலும் புகுந்து விளையாடுகிற மனிதர், இரண்டே அடியைக் கேட்டு அசந்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த முன்னிசைக்கு ஒரு கதை உண்டு. அது சுமார் 29 விநாடி. ரொம்ப நீளம், வெட்டிவிடலாம் என்றார் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸ். ஜாக்சன் விடவில்லை. அந்த இடம்தான் எனக்கு ஆடத் தோன்றுகிற இடம் என்று பிடிவாதமாக நின்றார். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் அந்தப் பாட்டின் தனித்தனி ஒலிகளைக் கலந்து கலந்து 91 தடவை பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டாவதாகக் கலந்ததையே எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “மொத கை பழுதாகாதுலே” என்றார்.

சரி, 1980க்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் அவருடைய ‘ஆஃப் தி வால்’ ஆல்பம் வந்திருந்தது. அதிலிருந்து நாலு பாட்டு அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் ஏறின. அவருக்கு வயது 21. அந்த வருஷம் முழுக்க நாடே கேட்ட குரல். கிராமியில் கிடைத்தது ஒன்றுதான், ரிதம் அண்ட் ப்ளூஸ் பிரிவில் சிறந்த ஆண் பாடகர். அந்தப் பிரிவு கறுப்பின மக்களின் இசைக்கென்று அங்கே நெடுநாளாக இருந்த தனிப் பந்தி. உனக்கும் இலை உண்டு, ஆனால் நீ அந்தப் பந்தியில் உட்கார் என்கிற மாதிரி. விழாவை வீட்டில் டிவியில் பார்த்து மனம் உடைந்ததையும், அடுத்த ஆல்பத்தை யாரும் ஒதுக்க முடியாதபடி செய்வேன் என்று அன்றே முடிவு கட்டியதையும் பின்னால் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆல்பம் ‘திரில்லர்’. 1982 நவம்பர் கடைசியில் வந்தது. 37 வாரம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம். கறுப்பினக் கலைஞர்களை அதிகம் காட்டாமலிருந்த இசைச் சேனலான எம்டிவியில் ‘பில்லி ஜீன்’ ஓடியது. 1984 பிப்ரவரி 28ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கில் கிராமி விழா. ஒரு மாதம் முன்பு பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில் தலைமுடியில் தீப்பிடித்துக் காயம்பட்டது இதே அரங்கில்தான். அந்த விபத்துக்காகக் கிடைத்த 15 லட்சம் டாலரைத் தனக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். என் கணக்கில் அதுவும் அவருடைய மரியாதைகளில் சேர்த்தி.

அந்த எட்டில் எல்லாரும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறந்த ஆண் பாடகர் விருது பாப் பிரிவில் ‘திரில்லர்’ பாட்டுக்கு, ராக் பிரிவில் ‘பீட் இட்’டுக்கு, ரிதம் அண்ட் ப்ளூஸ் பிரிவில் ‘பில்லி ஜீன்’னுக்கு. ஒரே குரல், ஒரே இரவு, மூன்று பந்தியிலும் தலைவாழை இலை. போதாததற்குக் குழந்தைகளுக்கான இசைத்தட்டு விருதும் அவருக்கே. நாலு வருஷம் நெஞ்சில் வைத்திருந்த ஒரு சொல்லுக்கு இதைவிட நேராகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் 1980ஐப் பெரியது என்கிறேன். அந்த ஒன்று உறுத்தாமல் இருந்திருந்தால் இந்த எட்டு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா வீட்டில் ஒரு ஷீல்டு இருந்தது. ஒரு அரசாங்க விழாவில் வாசித்ததற்குக் கொடுத்தது. “சிறந்த நையாண்டி மேளக் குழு” என்று எழுதியிருக்கும். ஊர் இல்லை, பேர் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடையிலும் அப்படித்தான். பரிவட்டம் கட்டும் வரிசை தலைமுறையாக முடிவான வரிசை. இரவெல்லாம் சாமியாடியை ஆட வைத்த மேளக்காரருக்கு விடியற்காலையில் ஒரு துண்டும் தேங்காய் பழமும். ஆனால் ஊர்ச்சனம் சும்மா இருக்காது. நல்ல இடம் ஒன்று வாசித்தால் யாராவது எழுந்து வந்து பத்து ரூபாயை ஊக்கில் கோத்துச் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள். வேர்வையில் ஊறிப்போன அந்த நோட்டுகளை மறுநாள் சித்தி சொளவில் பரப்பி வெயிலில் காயவைப்பாள். ஊக்குகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அந்த டப்பா நிறைந்திருந்தது. சித்தப்பா யாருக்காவது காட்டுவார் என்றால் அதைத்தான் காட்டுவார், ஷீல்டை இல்லை.

மற்ற விருதுகளையும் சொல்லிவிடுகிறேன். போட்டியில் வென்ற கிராமி மொத்தம் 13. 1993இல் கிராமி லெஜண்ட் விருது, கொடுத்தது தங்கை ஜேனட். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு தடவை, 1997இல் அண்ணன்மாரோடு, 2001இல் தனியாக. இறந்த பிறகு 2010இல் வாழ்நாள் சாதனை விருதைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு மனசைப் பிசைகிறது. 2002இல் எம்டிவி விழா, அன்று அவருக்கு 44ஆவது பிறந்தநாள். பிரிட்னி ஸ்பியர்ஸ் கேக்கோடு மேடைக்கு அழைத்து, ஆயிரமாண்டின் கலைஞர் என்று பாராட்டினார். அப்படி ஒரு விருதே கிடையாது. இவர் அதை விருது என்றே எடுத்துக்கொண்டு, சின்ன வயதில் இப்படி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று நன்றி சொன்னார். நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1980இல் டிவி முன்னால் உட்கார்ந்து அழுத அதே பையன்தான் அங்கே நின்றான்.

2009 ஜூனில் அவர் இறந்த செய்தி வந்தபோது சித்தப்பா வாசிப்பதை நிறுத்தியிருந்தார். விரல் மடங்கவில்லை. பேப்பரில் படம் பார்த்துவிட்டு, “நீ போடுவியே, அந்த ரெண்டடிக்காரனா, ஏலே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி எட்டு விருதுக் கதையை முழுதாகச் சொன்னேன். பாடினவருக்கு, தயாரித்தவருக்கு, ஒலிப்பதிவு செய்த ஸ்வீடியனுக்கும் தனியாக ஒன்று கிடைத்ததுவரை சொன்னேன்.

“தோலடிச்சவனுக்கு?”

அந்த விருதுகளில் டிரம்ஸ் வாசித்தவருக்கு என்று ஒன்றும் இல்லை என்றேன். “பேராவது உண்டா அவனுக்கு?” என்றார். எனக்கு அதுவரை தெரியாது. டவுனுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் தேடிக்கொண்டு வந்தேன். லியான் சான்ஸ்லர். ஆல்பத்திலேயே பேர் அச்சாகியிருக்கிறது, எனக்குப் பதிந்து கொடுத்த கடைக்காரர் பாட்டுப் பேரை மட்டும் எழுதியிருந்தார். சித்தப்பா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், வாயில் சரியாக வரவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய கேசட்டைத் தேடி எடுத்துவந்து, அட்டையை உருவி என்னிடம் நீட்டினார்.

“அந்தப் பாட்டுக்கு நேரா எழுதுலே. தமிழ்ல எழுது.”