எம்ஜிபி வாங்கும் முன் கதவை மூடிப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வசிக்கிறேன். 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு வருடமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை. வீட்டில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு கராஜ் உண்டு. ஸ்பேனர் பிடித்துப் பழக்கம், வெல்டிங் தெரியாது. வாங்கிச் சீரமைக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்: இன்ஜின் ஓடவில்லை என்றதும் எனக்குக் கவலை வரவில்லை. பெயின்ட் பளபளவென்று இருக்கிறது என்றீர்களே, அதைப் படித்துத்தான் வந்தது.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி கிடையாது, உடல்தான் எலும்புக்கூடு. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் பெரும்பொறுப்பு, இரு கதவுகளுக்கும் கீழே ஓடும் பெட்டி போன்ற இரும்புப் பகுதிகளுக்கு. இவற்றை ‘சில்’ என்பார்கள். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. மழைநீரும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதன்மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்து விற்பது சுலபம்.

போகும்போது ஒரு காந்தம், டார்ச், ஜாக்கி எடுத்துப் போங்கள். காந்தத்தில் மெல்லிய துணி சுற்றி சில் நெடுகத் தடவுங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. அடுத்து, விற்பவரிடம் சொல்லிவிட்டு, பின்சக்கரத்துக்கான இலை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். அப்போது கதவின் மேல்பக்க இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவு திறந்து மூடச் சிரமப்பட்டாலோ, வண்டி நடுவில் மடிகிறது என்று அர்த்தம். ‘சில் எல்லாம் புதுசு’ என்று விற்பவர் சொன்னால் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையான வெளித்தகடு முன்விங்குக்கும் பின்விங்குக்கும் (சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகள்) உள்ளே ஓடுகிறது. முறையாக மாற்றியிருந்தால் முன்விங்கைக் கழற்றியிருக்க வேண்டும், பின்விங்கின் அடிப்பகுதியை அறுத்திருக்க வேண்டும். படம் இல்லையென்றால், துருவின் மேலேயே புதுத் தகடு ஒட்டியிருக்கலாம் என்று நினைத்து விலை பேசுங்கள்.

சில் மாற்ற வேண்டியிருந்தால் அந்த ஒரு வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். நீங்கள் மாலை வகுப்பில் வெல்டிங் கற்றுக்கொண்டு, தரைத்தகடு போன்றவற்றில் கை பழகலாம். யார் செய்தாலும் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், கதவுகள் மாட்டியே இருக்க வேண்டும், அறுக்கும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்க வேண்டும், ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். என் முதல் எம்ஜிபியில் நான் கதவைக் கழற்றிவிட்டு, கம்பியும் வைக்காமல் அறுத்தேன். வெல்டிங் முடிந்து கதவை மாட்டினால் பூட்டு பொருந்தவில்லை. முழுவதையும் திரும்ப அறுத்தேன், ஒரு குளிர்காலமே போயிற்று. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல், பேட்டரி இணைப்பை எடுக்காமல் யாரையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள்.

இன்ஜின் விஷயம் சுலபம். 1798 சிசி, இரும்பில் வார்த்த முரட்டு இன்ஜின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் சுழன்றால் பாதிக் கவலை விட்டது. பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். ரப்பர் எரிபொருள் குழாய்களையும் மாற்றுங்கள், 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் வருகிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஓடத் தொடங்கிச் சூடானதும் ஆயில் பிரஷர் மீட்டரைப் பாருங்கள். ஓட்டும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை, ஐடிலிங்கில் 10 முதல் 25 வரை நின்றால் இன்ஜினைப் பிரிக்கத் தேவையே இல்லை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது அது, எஸ்யூ என்பது ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒரே மாதிரி கேட்கும்வரை திருகைச் சரிசெய்ய வேண்டும். இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

வயரிங்கில் முதலில் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பு எர்த், பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி திருப்பினால் வருவது, பச்சை அதே கரண்ட் ஃபியூஸ் வழியாக வருவது. இந்த நான்கு நிறம் தெரிந்தால் பாதிக் கோளாறைப் பிடித்துவிடலாம். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும், அவை உட்காரும் பெட்டிகளிலும் துரு பாருங்கள். பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். ரப்பர் ஹோஸ்கள், சிலிண்டர்கள், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம், உங்கள் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இதில் பெரும்பாலும் பொருந்தாது, அங்குல ஸ்பேனர் செட் தனியாக வாங்க வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் இந்த மாடலுக்குத் தேவையில்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானவை. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஜாகுவார் இ-டைப் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படுகிறவர்களையும் நான் முதலில் எம்ஜிபி பக்கம்தான் அனுப்புவேன்.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன், வாங்கிய முதல் வாரமே வண்டியை முழுசாகப் பிரித்துப் போடாதீர்கள். பிரித்த வண்டிகளில் பல அட்டைப்பெட்டிகளாகவே கைமாறுகின்றன. சில் சரியென்றால் முதலில் பிரேக், பிறகு இன்ஜின், பிறகு ஓட்டிப் பார்ப்பது, அதன் பின் ஒரு நேரத்தில் ஒரு வேலை. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிய பையில் போடுங்கள். 40 வயது தாண்டிய வண்டி என்பதால் எம்ஓடி சோதனை (அங்கே வண்டிகளுக்கான வருடாந்திரத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் வருடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுங்கள், அடியில் படுத்துப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் நல்லது.

ஜாக்கியில் தூக்கியபோதும் கதவு ஒழுங்காக மூடினால் வாங்குங்கள். மூடாவிட்டால், வெல்டரிடம் மதிப்பீடு வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்க மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு எம்ஜிபி வரும்.