வியாழக்கிழமை ஆள்

அன்புள்ள ஐயா,

எனக்கு முப்பத்து மூன்று வயது. ஏழு வருடங்களுக்கு முன் நான் பிறந்த மதத்திலிருந்து வெளியே வந்துவிட்டேன். சண்டை போட்டெல்லாம் வரவில்லை. போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். கடவுள் இருக்கலாம் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு உறுப்பினர் பட்டியலும் நிர்வாகக் குழுவும் எதற்கு? காலையில் இருபது நிமிடம் தியானம் செய்கிறேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணிப்பு ஒன்றைப் பார்த்தேன். அமெரிக்காவில் மதக் காரியங்களில் தொடர்ந்து பங்கெடுப்பவர்களில் 36 சதவீதம் பேர் மிக மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். மதம் இல்லாதவர்களில் 25 சதவீதம்தான். ஆனால் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்த பின்லாந்தில் வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. எதை நம்புவது? மனிதன் மகிழ்ச்சியாக இருக்க அமைப்பாகத் திரண்ட மதம் வேண்டுமா, அல்லது மந்தையில் இருக்கும் சுகத்துக்குத்தான் மகிழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்களா? எனக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அவளை மதமில்லாமல் வளர்க்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய நோட்டைத் தேடி அலமாரியைக் கலைத்துப் போட்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

பின்லாந்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எட் டீனர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011இல் பல நாடுகளின் தகவல்களை வைத்து இதைப் பார்த்தார்கள். வாழ்க்கை கடினமாக இருக்கும் சமூகங்களில் மதப்பற்று உள்ளவர்கள் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்கள். வசதியும் பாதுகாப்பும் உள்ள சமூகங்களில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. உங்கள் இரண்டு புள்ளிவிவரத்துக்கும் சண்டை இல்லை. தியானம் நல்லது, தொடருங்கள்.

மந்தை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். நானும் அந்தச் சொல்லை இருபத்தைந்து வருடம் பேசியவன், மேடையில்கூட. கைதட்டல் வாங்கித் தரும் சொல் அது. சொல்கிறவர் தன்னை மட்டும் அதற்கு வெளியே நிறுத்திக்கொள்வார். காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்ததற்கு இவ்வளவு மிதப்பு ஆகாது தம்பி.

அந்த 36க்கும் 25க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் இதையே அமெரிக்காவில் தேடினார்கள். தனியாகச் செய்யும் பிரார்த்தனையோ, கடவுளின் அன்பை உள்ளுக்குள் உணர்வதோ பெரிதாக எதையும் விளக்கவில்லை. வாராவாரம் போய், அங்கே நெருங்கிய நண்பர்களும் இருந்தால் வாழ்க்கையில் நிறைவு கூடுகிறது. தவறாமல் போயும் அங்கே நண்பர்கள் இல்லாதவருக்குப் போகாதவரைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

நல்ல ஆய்வு. ஆனால் ‘நண்பர்கள்’ என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அக்கா கடைசி ஐந்து மாதம் படுக்கையில் இருந்தாள். அத்தான் முன்பே போய்விட்டார். நான் அவளோடு போய்த் தங்கினேன். அவள் ஒரு சிறிய வழிபாட்டுக் குழுவைச் சேர்ந்தவள். எந்த மதம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மதத்தைப் பற்றி ஏற்கனவே நீங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தை எடுத்து இதன் மேல் போர்த்திவிடுவீர்கள். அந்தக் குழுவைப் பற்றி நான் அடிக்காத கேலி இல்லை. அவள் படுத்த மூன்றாம் நாள் வயதான ஓர் அம்மாள் கோடு போட்ட நோட்டு ஒன்றோடு வந்தார். கட்டம் கட்டமாகக் கிழமை, பகல், இரவு, பெயர். நோட்டை நூலில் கட்டிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டார், கூடவே ஒரு நீலப் பேனா. இதெல்லாம் நடக்கும்போது யாரும் உருகவில்லை, கண் கலங்கவில்லை.

வியாழக்கிழமை இரவுக்கு ஒருவர் வருவார். அக்காவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவருக்கும் அப்படித்தான். குழுவின் கணக்கு வழக்கில் ஏதோ தகராறு, இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், மணி பார்த்து மருந்து கொடுப்பார். ஒரு வியாழக்கிழமை அக்காவின் கால் நகம் போர்வையில் மாட்டி இழுத்தது. அவர் எழுந்து போய்ப் பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து அவள் பாதத்துக்கு அடியில் விரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு விரலாக வெட்டினார். பெருவிரல் நகம் தடித்து மஞ்சளாகியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் அதன் மேல் போட்டு வைத்தார், அப்புறம் ஓரத்திலிருந்து துணுக்குத் துணுக்காக எடுத்தார். தாளை மடித்துக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

வெளியே வைத்துக் கேட்டேன். “உங்களுக்குள்ளதான் பேச்சே இல்லையே?”

“அது இருக்கட்டும். இன்னிக்கு வியாழக்கிழமை” என்றார்.

என் நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதநேயம் பற்றி விடிய விடியப் பேசக்கூடியவர்கள். எல்லோரும் எனக்குப் பிரியமானவர்கள், இன்றும். பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்பினார்கள். ‘எதுவாக இருந்தாலும் கூப்பிடு’ என்றார்கள். ஒருமுறை கூப்பிட்டேன். ஒருவர் உடனே வந்தார், அக்காவைப் பார்த்து அழுதார். நான் அவரைத் தேற்றி அனுப்பிவைத்தேன்.

பிடித்தவர்கள் பிடித்தபோது வருவது நட்பு. பிடிக்காதவர் தன் முறைக்கு வருகிறாரே, அதற்கு என்ன பெயர்? லிம்மும் புட்னமும் அதற்குத் தனிக் கட்டம் போட்டிருக்கலாம். மதம் கடவுளைத் தருகிறதா என்று எனக்குத் தெரியாது. முறை வைத்துத் தருகிறது. இவன் நல்லவனா, இவனால் எனக்கு என்ன லாபம், இன்று எனக்கு மனம் சரியாக இருக்கிறதா என்ற மூன்று கேள்வியையும் கேட்க விடாமல் ஆளைக் கிளப்பி அனுப்புகிறது.

அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூட்டாக வாழ்ந்து பார்ப்பதற்கென்றே நிறையக் குடியிருப்புகள் உருவாயின. சில மதம் சார்ந்தவை, சில சமத்துவக் கனவில் பிறந்தவை. ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் அவற்றில் 200ஐ எடுத்துக் கணக்குப் போட்டார். எந்த ஒரு வருடத்தையும் தாண்டிப் பிழைக்கிற வாய்ப்பு மதக் குடியிருப்புகளுக்கு மற்றவற்றைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பிறகு வேறொருவரோடு சேர்ந்து 83 குடியிருப்புகளைப் பார்த்தார். இதை உடுத்தாதே, அதை வைத்துக்கொள்ளாதே என்று உறுப்பினர்களிடம் எவ்வளவு கடுமையாகக் கேட்டார்களோ, மதக் குடியிருப்பு அவ்வளவு காலம் நீடித்தது. மற்றவற்றில் அதே கடுமை எந்தப் பலனும் தரவில்லை. அங்கே யாராவது ‘ஏன்?’ என்று கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் வாதம். நான் பார்த்த எல்லா முற்போக்குக் குழுக்களும் அப்படித்தான் கலைந்தன. நானே இரண்டைக் கலைத்திருக்கிறேன்.

கடவுளைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி அதைச் செய்து பார்த்தார். மனிதகுலத்தையே வணங்கும் மதம், அதற்குப் பூசாரிகள், 1849இல் தனிக் காலண்டர். பதின்மூன்று மாதம், மாதத்துக்கு 28 நாள். ஒரு மாதத்துக்கு அரிஸ்டாட்டில் பெயர், ஒன்றுக்கு ஆர்க்கிமிடீஸ் பெயர். கத்தோலிக்கத்திலிருந்து கிறிஸ்தவத்தைக் கழித்தால் வருவது இது என்று ஆங்கிலேய உயிரியலாளர் டி. எச். ஹக்ஸ்லி கிண்டலடித்தார். பிரேசிலின் கொடியில் இருக்கும் ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ காம்ட்டிடமிருந்து வந்ததுதான். கொடிக்கு வாசகம் கிடைத்தது. நோட்டில் பெயர் எழுதத்தான் ஆட்கள் பெரிதாகச் சேரவில்லை.

உங்கள் கேள்வி எங்கேயோ நின்றுவிட்டது, தெரிகிறது. மகிழ்ச்சி என்ற சொல்லையே நான் தொடவில்லை. அக்கா அந்த ஐந்து மாதமும் மகிழ்ச்சியாக இல்லை, வலியில் இருந்தாள். அவள் தனியாக இல்லை என்பதைத்தான் நான் பார்த்தேன். மகளை எப்படி வேண்டுமானாலும் வளருங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அப்பா அம்மாதான் மதம். ஆனால் இன்று ராத்திரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நாளைக்கு உங்கள் மனைவி படுத்துவிட்டால் கிழமைக்கு யார் என்று எழுதிப் பாருங்கள். ஏழு வருடமாக நிம்மதியாக இருக்கிறேன் என்பவர் ஏழு பெயராவது எழுத வேண்டாமா?

சரி, அந்த நோட்டு. நேற்றுக் கிடைத்தது. முதல் பக்கத்தில், செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. என் நினைவு சரிதானா என்று பார்க்கத்தான் தேடினேன். அக்காவின் மகள் பெயர். அக்காவே நடுங்கும் கையால் எழுதியது. அந்த மகள் குழுவுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவள், அதனால் விலக்கப்பட்டவள். நோட்டு கொண்டுவந்த அம்மாள் அதே நீலப் பேனாவால் அந்தப் பெயரை அடித்தார். கோபமெல்லாம் இல்லை, கணக்கைத் திருத்துவது மாதிரி ஒரே கோடு.

ஆம்ஸ்டர்டாமில் 1656 ஜூலை 27 அன்று தத்துவவாதி ஸ்பினோசாவின் பெயரையும் அவருடைய யூதச் சமூகத்தார் இப்படித்தான் அடித்தார்கள். வயது இருபத்து மூன்று. நான்கு முழத்துக்குள் யாரும் நெருங்கக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது. அவர் கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டு, வேறெந்த மதத்திலும் சேராமல் மேலும் இருபது வருடம் வாழ்ந்தார். நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்த ஆண்டுத் தொகையும் வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பர் அமைவதில்லை.

அக்காவின் மகள் விடியற்காலை நான்கரைக்கு வருவாள். இரவு ஆள் கிளம்பி, பகல் ஆள் வருவதற்குள் அரை மணி நேரம். தன் அம்மாவின் தலையைக் கோதிவிட அந்த நேரத்தைத் திருட வேண்டியிருந்தது. நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். மேடையில் மந்தை என்று முழங்கியவன் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மறுநாளிலிருந்து யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயம். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

மற்ற இரவு ஆட்கள் எல்லோரும் சரியாக நான்கரைக்குக் கிளம்புவார்கள். வியாழக்கிழமை ஆள் மட்டும் நாலு மணிக்கே எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வெளிச்சம் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டுப் போவார். வெளியே கும்மிருட்டாக இருக்கும். தெரிந்துதான் போனாரா என்று நான் கேட்டதில்லை.