அக்குளில் ஓயாத அரிப்பு: ஃபாக்ஸ்-ஃபோர்டைஸ் நோய் பற்றிய கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வயது 23. இரண்டு அக்குள்களிலும் தோல் நிறத்திலேயே சிறு குருக்கள் உள்ளன; வியர்த்தால் அரிப்பு தாங்க முடிவதில்லை. படர்தாமரைக் களிம்பு பூசியும் குறையவில்லை.

பதில்: படர்தாமரை பெரும்பாலும் சிவந்த விளிம்புடன் வட்டமாகப் பரவும். நீங்கள் சொல்வதுபோல் ஒரே அளவிலான குருக்கள் மயிர்க்கால்களை ஒட்டி இருபுறமும் நெருக்கமாக எழும்பியிருந்தால், 1902-இல் ஃபாக்ஸ், ஃபோர்டைஸ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் விவரித்த அரிய நோயாக இருக்கலாம். மயிர்க்காலின் வாயைக் கெராட்டின் என்னும் தோல் புரதம் அடைத்துவிடுவதால், அங்கே வந்து திறக்கும் அப்போக்ரைன் என்னும் வகை வியர்வைச் சுரப்பியின் நாளமும் அடைபட்டு, தேங்கிய வியர்வை அழற்சியை உண்டாக்குகிறது. பருவமடைந்தது முதல் 35 வயது வரையிலான பெண்களிடமே இது மிகுதி; மார்புக் காம்பைச் சுற்றியும் அந்தரங்கப் பகுதியிலும்கூட வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அக்குளின் மெல்லிய தோலில் அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மேலும் மெலிந்து வரிகள் விழும் என்பதால், தயவுசெய்து இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பயாப்ஸி அவசியமா?

பதில்: எல்லோருக்கும் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத் தோலை எடுத்துப் பரிசோதிப்போம். வலியுள்ள கட்டி, சீழ், தழும்பு இருந்தால் அது ஹைட்ரடினைட்டிஸ் என்னும் வேறு நோயாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

கேள்வி: கணவருக்குத் தொற்றுமா?

பதில்: தொற்றாது. சுத்தக் குறைவால் வருவதும் அன்று.

கேள்வி: முழுமையாகக் குணமாகுமா?

பதில்: நிரந்தரமாகத் தீர்க்கும் மருந்து இல்லை, ஆனால் அரிப்பைக் கட்டுப்படுத்த முடியும். குறுகிய காலத்துக்கு மிதமான ஸ்டீராய்டு, பிறகு டாக்ரோலிமஸ் (ஸ்டீராய்டு அல்லாத, அழற்சியைத் தணிக்கும் களிம்பு) அல்லது கிளின்டாமைசின் (பூசும் ஆன்டிபயாடிக்) என்பதே என் வழக்கம். சிலருக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்பும் பயன்படும், எரிச்சல் தரலாம். அதே வகையைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கு அதைத் தரவே கூடாது. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தானாகவே தணிவதுண்டு. மாதவிடாய் நின்ற பிறகும் பெரும்பாலும் குறைகிறது.

கேள்வி: லேசர் முறையில் முடி நீக்கிய பிறகுதான் தொடங்கியது. தொடரலாமா?

பதில்: அத்தகைய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அடுத்த அமர்வை ஒத்திவைத்து, தோல் மருத்துவரிடம் இந்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.