ஜப்பானிய இளைஞர்கள் தங்கள் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அவநம்பிக்கையாக இருக்கிறார்கள்? உலகப் பிரச்சினைகளில் அவர்களுக்கு அக்கறையே இல்லையா?

அவநம்பிக்கை இருப்பது உண்மைதான். அக்கறையே இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் அணியில் இருபதுகளில் இருப்பவர்கள்தான் அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்திலும், வேலை முடிந்து இசகாயா எனப்படும் ஜப்பானிய மதுக்கடையில் உட்காரும்போதும் அவர்களிடம் கேட்டதை வைத்துத்தான் இந்தப் பதில்.

இந்தக் கேள்வியை எழுப்பும் எண் ஒன்று இருக்கிறது. நிப்பான் ஃபவுண்டேஷன் என்ற ஜப்பானிய அறக்கட்டளை 2019இல் ஒன்பது நாடுகளில் 17 முதல் 19 வயதுக்காரர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. நாடு இனி மேம்படும் என்று சொன்னவர்கள் ஜப்பானில் 9.6 சதவீதம், சீனாவில் 96.2 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்திரிகைக்குத் தலைப்பு தயார். 2024இல் அதே கேள்விக்கு ஜப்பானில் 15.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஏறியிருக்கிறது, ஆனாலும் குறைவுதான்.

என்னைக் கேட்டால், இதில் பெரும்பகுதி மனச்சோர்வு இல்லை, வெறும் கணக்கு. 1973இல் ஜப்பானில் சுமார் 20.9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024இல் பிறந்தவை 6.86 லட்சம். மக்களில் 29 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அரசின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இருபது வயது நிறைந்ததும் தேசிய ஓய்வூதியத்துக்கான கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். இன்றைக்குத் தாத்தா பாட்டிகள் வாங்கும் ஓய்வூதியம் தன் பணத்தில்தான் போகிறது, தனக்கு அந்த வயது வரும்போது கட்டுவதற்குப் போதுமான ஆள் இருக்காது என்று இங்கே பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். கூட்டிக் கழிக்கத் தெரிந்த யாரும் 'மேம்படாது' என்ற கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். அதோடு, நேரத்துக்கு வரும் ரயிலும் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடும் ஏற்கெனவே இருக்கும் ஊரில் மேம்படுவது என்றால் எதை நினைப்பது என்பதும் ஒரு சிக்கல். நம் ஊரில் பையன்கள் ஆம் என்று சொல்வதற்கு, கண்ணெதிரே பாலமும் மெட்ரோவும் எழும்புவதும் ஒரு காரணம்.

நாடு வேறு, என் வாழ்க்கை வேறு என்று அவர்கள் பிரித்துவிடுவதுதான் எனக்கு ஆரம்பத்தில் புரியாமல் இருந்தது. 2024 வசந்தத்தில் பட்டம் பெற்று வேலை தேடியவர்களில் 98.1 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆள் பற்றாக்குறை அவர்களுக்குச் சாதகம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் படிப்பை முடித்து, வேலை கிடைக்காமல் அலைந்த மூத்த சகாக்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஆக, கப்பல் மெதுவாக மூழ்குகிறது, என் அறையில் மட்டும் தண்ணீர் இல்லை என்ற மனநிலை.

இதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பணம் போகும் வழியைப் பாருங்கள். 2024 ஜனவரியில் அரசு நிசா என்ற வரியில்லா முதலீட்டுக் கணக்கை விரிவாக்கியது. வாழ்நாள் வரம்பு 1 கோடியே 80 லட்சம் யென். மக்களின் சேமிப்பு உள்ளூர் நிறுவனங்களுக்குப் போகட்டும் என்ற ஆசையும் அரசுக்கு இருந்தது. ஆனால் என் இளைய சகாக்கள் மாதாமாதம் போடுவது 'ஒருகான்' என்று செல்லமாக அழைக்கப்படும் உலகப் பங்குகளின் ஃபண்டில். அல்லது அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500ஐப் பின்பற்றும் ஃபண்டில். நாட்டின் எதிர்காலம் பற்றி அவர்களிடம் கருத்துக் கேட்கவே வேண்டாம், அந்தக் கணக்கே சொல்லிவிடும். இளைஞர்கள் வெளிநாட்டில் தங்கி வேலையும் பார்க்க அனுமதிக்கும் ஒர்க்கிங் ஹாலிடே விசாவில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். 2024இல் அமெரிக்க டாலர் 160 யென்னைத் தொட்ட சமயத்தில், அங்கே ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி ஜப்பானைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பழத்தோட்டத்தில் பறிக்கப் போவதற்கு வேறு காரணம் தேவையா?

சரி, அரசியல். 2021 நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் மொத்த வாக்குப்பதிவு 55.93 சதவீதம், இருபதுகளில் இருப்பவர்களிடம் 36.5. இதைக் காட்டித்தான் இவர்களுக்கு எதிலும் அக்கறை இல்லை என்பார்கள். 18 வயதில் ஓட்டுப் போடலாம், ஆனால் கீழவைக்கு நிற்க 25, மேலவைக்கும் மாகாண ஆளுநர் பதவிக்கும் 30 வயது ஆக வேண்டும் என்பதை ஏனோ சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். இதை எதிர்த்து இளைஞர்கள் 2023இல் வழக்கே போட்டார்கள்.

கைக்கு எட்டுகிற விஷயம் என்றால் இவர்கள் அசைகிறார்கள். பகுதிநேர வேலை செய்யும் மாணவரின் ஆண்டு வருமானம் 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னைத் தாண்டினால் பெற்றோருக்கான வரிச்சலுகை போய்விடும் என்று ஒரு விதி இருந்தது. அதனால் டிசம்பர் வந்தாலே பல கடைகளில் மாணவர்கள் ஷிஃப்டைக் குறைத்துக்கொள்வார்கள். 2024 அக்டோபர் தேர்தலில் இந்த வரம்பை உயர்த்துவோம், கையில் வரும் சம்பளத்தைக் கூட்டுவோம் என்று சொன்ன மக்களுக்கான ஜனநாயகக் கட்சி, இளைஞர் ஓட்டின் துணையோடு 7 இடங்களிலிருந்து 28க்குத் தாவியது. மறு ஆண்டே மாணவர்களுக்கான வரம்பு 15 லட்சம் யென் ஆனது.

உலகப் பிரச்சினைகளுக்கு வந்தால், ஐரோப்பா மாதிரி லட்சக்கணக்கில் தெருவில் இறங்குவதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கூட்டத்தில் தனியாகத் தெரிவதே பலருக்குச் சங்கடம். அதற்காகச் சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 2024 ஆகஸ்டில் பதின்ம வயதினரும் இருபதுகளில் இருப்பவர்களுமாக 16 பேர், உமிழ்வைக் குறைக்கச் சொல்லி பத்து அனல்மின் நிறுவனங்கள் மீது நகோயா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் குன்மா மாகாணத்தின் இசெசாக்கியில் 41.8 டிகிரி பதிவானது. கோடையில் பள்ளி விளையாட்டுப் பயிற்சியே நிறுத்தப்படும்போது பருவநிலை மாற்றத்தைப் பற்றித் தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நாகசாகியில் 1998இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி அமைதித் தூதர்கள் அணு ஆயுதங்களுக்கு எதிராகக் கையெழுத்து சேகரிக்கிறார்கள். 2024இல் அணுகுண்டில் தப்பியவர்களின் அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது ஆஸ்லோவுக்கு அந்த மாணவர்களும் போனார்கள்.

எல்லாம் இனிப்பாகவும் இல்லை. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியர் முதலில்' என்ற முழக்கத்தோடு வந்த சன்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது. அதற்கு விழுந்ததில் இளைஞர் ஓட்டும் கணிசம். விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் ஏறவில்லை, அரிசி விலை இரட்டிப்பாகிவிட்டது, வெளிநாட்டவர் எண்ணிக்கையோ 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மூன்றையும் முடிச்சுப் போடுவது எளிது. எங்கள் அணியிலேயே ஒருவர் அவர்களுக்கு ஓட்டுப் போட்டதாக என்னிடம் சொன்னார், ஒளிக்கவில்லை. "உங்களைச் சொல்லவில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தனக்கும் சரியாகத் தெரியவில்லை, வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்பது மட்டும் தெரியும் என்றார்.