சீனாவில் பயிற்சி ஆசிரியர் வாழ்க்கை: கேளுங்கள், சொல்கிறேன்

ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில் ஆசிரியர் பயிற்சி படித்தேன், அதில் ஒரு வருடம் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்தினேன். போகப் போகிறவர்களும் போய்ச் சேர்ந்து திண்டாடுகிறவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, இறங்கியதும் முதல் வேலை என்ன?

போலீஸ் பதிவு. ஓட்டலில் தங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். விடுதி என்றால் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள், தனி அறை என்றால் பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமுமாக நீங்களே போங்கள். எக்ஸ்1 விசா (நீண்ட காலப் படிப்புக்கானது) என்றால் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். ஊர் சுற்றுவது அப்புறம்.

கேள்வி: வாட்ஸ்அப் ஓடாதாமே, அம்மாவோடு எப்படிப் பேசுவது?

ஓடாது, கூகுளும் யூடியூபும் அப்படியே. கிளம்பும் முன்பே வீட்டார் போனில் வீசாட் (சீனாவின் வாட்ஸ்அப் மாதிரி) போட்டுப் பழக்கிவிடுங்கள், ஏனென்றால் புதுக் கணக்கு தொடங்க ஏற்கெனவே வைத்திருப்பவர் யாராவது உறுதி செய்ய வேண்டும் என்று சில சமயம் கேட்கும். எங்கள் அப்பா முதல் மாதம் முழுக்க வீடியோவில் நெற்றியை மட்டும்தான் காட்டினார்.

கேள்வி: நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

'வோ ச்சி சூ' என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். அதோடு நிறுத்தினால் பீன்ஸ் பொரியலில் கொத்துக்கறி தூவி வரும், அவர்கள் கணக்கில் அது காய்தான். இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தக்காளி முட்டை எங்கும் கிடைக்கும். பௌத்தக் கோயில் பக்கம் சைவக் கடை தேடலாம். காரத்தைப் பற்றி நமக்கென்ன கவலை, உப்பில் ஊறிய அவர்கள் மிளகாய் நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி.

கேள்வி: ஐம்பது பிள்ளைகள், கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கும் அப்படித்தான். உள்ளே போனதும் எழுந்து நின்று 'லாவ்ஷி ஹாவ்' (வணக்கம் டீச்சர்) என்று கூரை அதிரக் கத்துவார்கள், அப்புறம் மயான அமைதி. தெரியாமல் இல்லை, ஐம்பது பேர் முன்னால் எழுந்து நின்று தப்பாகச் சொல்ல வெட்கம். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேச விட்டு, பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அப்போது தப்பானாலும் இருவர் தப்பு. இன்னொன்று, பெயர்ப் பட்டியலைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். நான் எழுதினேன், பக்கத்து மேசை ஆசிரியை ஒன்றும் பேசாமல் கறுப்புப் பேனாவை நீட்டினார். விடைத்தாள் திருத்தச் சிவப்பு சரி, ஆள் பெயருக்கு ஆகாது.

கேள்வி: பாடம் முடிந்ததும் மூத்த ஆசிரியர்கள் எல்லார் முன்னாலும் குறை சொன்னார்கள். அழுதுவிட்டேன், அக்கா.

அழுங்கள், நானும் கழிப்பறையில் போய் அழுதேன். ஆனால் அது உங்களைக் குறிவைத்து நடப்பதில்லை. பின் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்து பாடம் கேட்பதும், முடிந்ததும் அலசுவதும் அங்கே வழக்கம், இருபது வருட அனுபவசாலிக்கும் அதே கதிதான். என் முதல் பாடத்துக்கு 'குரல் நன்றாக இருந்தது' என்று ஒரு வரி, பிறகு அரை மணி நேரம் கரும்பலகைக் கையெழுத்திலிருந்து எல்லாம். ஓர் ஆசிரியை அம்மா கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தார், மொத்தம் ஆறு நிமிடம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டினேனாம். மறுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றையாவது திருத்திவிட்டு, சொன்னவரையே மறுபடி கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டபோது அந்த அம்மா வந்து, இந்த முறை இரண்டு நிமிடம் என்றார். அதுதான் பாராட்டு!

கேள்வி: குளிர் தாங்குமா?

அரசு பொது வெப்பமூட்டும் வசதி சீனாவை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் சின்லிங் மலை, ஹுவாய் ஆறு கோட்டுக்கு வடக்கேதான். சாங்ஷா தெற்கே, ஈரக்குளிர், வகுப்பிலும் கோட்டைக் கழற்ற முடியாது. வெந்நீர் ஃபிளாஸ்க் வாங்குங்கள்.

கேள்வி: அக்டோபர் விடுமுறையில் ஊருக்குப் போகலாமா?

டிக்கெட் போடும் முன் பள்ளியில் கேளுங்கள். அந்த நீண்ட தேசிய நாள் விடுமுறைக்கு ஈடாக முன்னாலும் பின்னாலும் வரும் சில சனி, ஞாயிறுகள் வேலை நாளாகிவிடும்.

கேள்வி: பேச ஆளே இல்லை, மதியம் அறைக்கு ஓடி வந்துவிடுகிறேன்.

ஓடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்ததும் பிள்ளைகள் மேசையில் தலை சாய்ப்பார்கள், ஆசிரியர் அறையில் மடக்குக் கட்டில்கள் விரியும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் மாமியார் கதை, வீட்டுக் கடன் எல்லாம் வெளியே வரும். சீனம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருங்கள். மூன்றாவது வாரம் என் மேசைக்கடியிலும் ஒரு கட்டில் இருந்தது.