ஃப்ளாட்டை விற்க எத்தனை கையெழுத்து?

கேள்வி: சார், சத்துவாச்சாரியில் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃப்ளாட்டை 46 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். அப்பா 2021-ல் தவறிவிட்டார், உயில் எதுவும் இல்லை. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். போன வருடம் பாட்டியும் தவறியதால் வருடம் திரும்பட்டும் என்று இருந்துவிட்டுத்தான் விற்க ஆரம்பித்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. தங்கை ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தம்பி மஸ்கட்டில், லீவு கிடைக்கவில்லை. இரண்டு முறை பதிவுக்கு டோக்கன் போட்டோம். முதல் முறை தம்பி வர முடியவில்லை. இரண்டாவது முறை பேங்க் வக்கீல் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார் என்று வாங்குபவரே நிறுத்திவிட்டார். நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டு 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கிய மூன்று மாத அக்ரிமென்ட் இந்த மாதம் முடிகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் தம்பியையும் டோக்கனையும் விட எனக்கு உறுத்தியது பாட்டிதான். அப்பா 2021-ல் இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்திருக்கிறார். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள் மாதிரியே அவருடைய தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. அப்படியென்றால் ஃப்ளாட் அன்றைக்கே நான்காக இல்லாமல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. போன வருடம் பாட்டி போனதும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கும். உங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் யார் யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு அத்தை, ஒரு சித்தப்பா என்று வைத்துக்கொண்டால் ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 46 லட்சத்தில் 3 லட்சத்துச் சொச்சம். அப்பாவின் இடத்தில் இருந்து மீதிப் பதினைந்தில் ஒன்றை நீங்கள் மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்வீர்கள். பாட்டி தன் பங்குக்கு உயில் எழுதியிருந்தால் கதை வேறு. முஸ்லிம் குடும்பம் என்றால் பங்குக் கணக்கே வேறு, ஆனால் பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கேயும் மாறாது.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், அதில் பாட்டி பெயரும் இருக்கும். பேங்க் வக்கீல் கேட்ட 'ஏதோ கேள்வி' அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். கேள்வியை வாங்குபவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள், ஃபோனில் 'ஒண்ணும் இல்லீங்க, சின்ன விஷயம்' என்பதையெல்லாம் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து பதிவு தள்ளிப்போகும் வீடுகளில் பாதிக்குப் பாதி, யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எண்ணிப் பார்க்காமலே தேதி குறித்த வீடுகள்தான்.

அத்தை, சித்தப்பாவை என்ன செய்வது? மறைக்காமல் போய்ப் பேசுங்கள். பங்கு வேண்டாம் என்று சொன்னால்கூட வாய்ச்சொல் போதாது. பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதினால் அதற்கு ஒரு செலவு. அதைவிட, அவர்களும் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுவது சுலபம், பேங்கும் அதைத்தான் விரும்பும். பங்குப் பணம் கேட்டால் கொடுங்கள், சட்டப்படி அது அவர்களுடையது. 'இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர்களுக்கா?' என்று அம்மா கேட்பார். நியாயமான கோபம்தான், ஆனால் பதிவு அலுவலகத்தில் அது செல்லாது.

இப்போது தம்பி. அவர் விமானம் ஏறி வரத் தேவையில்லை. மஸ்கட்டில் இந்தியத் தூதரகம் மூலம் ஒரு பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்தை அத்தாட்சி செய்து அனுப்பினால் போதும், பதிவுச் சட்டம் 33-ம் பிரிவு அதை ஏற்கிறது. பொதுப் பவர் வேண்டாம், இந்த ஒரு ஃப்ளாட்டுக்கு மட்டுமான பவர் எழுதச் சொல்லுங்கள். கதவு எண், அப்பாவின் பத்திர எண், பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, நான்கு எல்லை எல்லாம் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். 'சத்துவாச்சாரி' என்று ஒரு இடத்திலும் 'சத்துவாசேரி' என்று இன்னொரு இடத்திலும் அடித்து அனுப்பிய பவர் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்து, இரண்டாவது கூரியர் வருவதற்குள் வாங்குபவர் காட்பாடி காந்தி நகரில் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வேலை நடக்கும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

இங்கேதான் டோக்கன் தள்ளிப்போவது வலிக்கும். பவர் ஏஜென்ட் கிரயம் செய்யும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று நம் சார் பதிவாளர்கள் கேட்பார்கள், அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு, பதிவு இரண்டு வாரம் இரண்டு வாரமாகத் தள்ளினால் சான்று காலாவதி ஆகிவிடும், மறுபடியும் மஸ்கட். அதனால் பேங்க் கடனை ஒப்புக்கொண்டு டிடி எடுக்கும் நாளைச் சொன்ன பிறகே தம்பியை உயிர்ச் சான்றுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு எந்த வடிவில் வேண்டும் என்று பதிவு செய்யப்போகும் அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

வரி விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். விலை 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் இங்கே இருப்பவர்கள் பங்கில் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை. தம்பி வெளிநாட்டில் வசிப்பவர், அவருடைய 10 லட்சத்துச் சொச்சத்துக்கு அந்த வரம்பு கிடையாது, பிடித்தமும் அதிகம். குறைவாகப் பிடிக்க வருமான வரித் துறையில் சான்று வாங்கலாம், அதற்கு நாள் பிடிக்கும். பதிவு மேஜையில் டிடி கைமாறும் நேரத்தில் இந்தப் பேச்சு கிளம்பினால் அன்றைக்கும் பதிவு நடக்காது.

தங்கைக்குச் சிரமமே இல்லை. ஓசூரில் அவர் வசிக்கும் பகுதி சார் பதிவாளரிடமே உங்களுக்கோ அம்மாவுக்கோ பவர் பதிவு செய்து கொடுக்கலாம், கைக்குழந்தையோடு வேலூர் வெயிலில் வந்து நிற்க வேண்டாம். அவர் பவருக்கும் உயிர்ச் சான்று உண்டு.

அம்மா விஷயத்தில், உடல்நிலை காரணமாக நேரில் வர முடியாதவருக்கு சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டம் 31, 38-ம் பிரிவுகளில் வழி இருக்கிறது, கூடுதல் கட்டணமும் மருத்துவர் சான்றும் வேண்டும். ஆனால் ஒன்று. வயதானவர்களின் கட்டைவிரல் அரைத்து, துவைத்து, பாத்திரம் தேய்த்து வழவழப்பாகியிருக்கும், ரேகைக் கருவி எடுக்கவே எடுக்காது. ஈரத்துணியில் துடைத்து, அழுத்தி, பக்கத்து விரலை வைத்து என்று ஒரு அம்மாவோடு கால் மணி நேரம் போராடியிருக்கிறோம், பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் முறைக்க முறைக்க. முந்தின நாள் கையில் மருதாணியோ மஞ்சளோ வேண்டாம்.

டோக்கன் பற்றிக் கொஞ்சம். ஒரு சார் பதிவாளர் உள்ள அலுவலகத்தில் நாளுக்கு 100 டோக்கன்தான், முகூர்த்த நாளில் அரசு 150 வரை கூட்டினாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாங்குபவர் வீட்டில் அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை பார்ப்பார்களா என்று டோக்கன் போடும் முன்பே கேளுங்கள். பார்க்காத வீடு என்றால் செவ்வாய்க்கிழமை போடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்.

'இருப்பவர்கள் இப்போது கையெழுத்துப் போடுவோம், மற்றவர்கள் அப்புறம் வந்து போடட்டும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். சட்டத்தில் இடம் உண்டு. எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் இன்னொரு நான்கு மாதம் அபராதத்தோடு அனுமதிக்கலாம், அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை போகும். ஆனால் பத்திரம் நிலுவையில் கிடக்கும்போது கடன் கொடுக்கும் பேங்க் டிடியைக் கொடுக்காது. கடன் போட்டு வாங்குபவரிடம் இந்த வழி வேண்டாம்.

கடைசியாக அக்ரிமென்ட். நீங்களும் அம்மாவும் மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பதால் தம்பி, தங்கை, அத்தை, சித்தப்பா யாரையும் அது கட்டாது. வீடு மொத்தத்தையும் தருவதாக எழுதிக் கொடுத்த நீங்கள் இருவரும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பதிவு செய்யாத அக்ரிமென்ட் என்றால், 2012-ம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அதையும் பதிய வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முடியும் முன்னால் எல்லா வாரிசுகள் பெயரும் சேர்த்துப் புது அக்ரிமென்ட் போடுங்கள், மூன்று மாதம் கூடுதலாகக் கேளுங்கள், யார் பக்கம் தாமதம் என்றால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். அந்த 3 லட்சத்தை அதுவரை தொடாதீர்கள். அத்தையோ சித்தப்பாவோ ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் அதைத் திருப்பித் தர வேண்டிவரும். மீதிப் பங்கை மட்டும் விற்கலாம்தான், ஆனால் ஒரு ஃப்ளாட்டில் ஹாலையும் கிச்சனையும் மட்டும் வாங்க யார் வருவார்?

தூதரக அப்பாயின்ட்மென்ட்டைத் தம்பியை இன்று இரவே எடுக்கச் சொல்லுங்கள். ஓமனில் வெள்ளி, சனி வாராந்திர விடுமுறை, ஞாயிறு வேலை நாள். பவர் வாசகத்தை நீங்கள் அதற்குள் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுங்கள்.